காட்டில் தோண்டிய செடியா, விதையில் வந்த செடியா?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாலையோரச் செடிக் கடை ஒன்றில் என் கண்ணில் ஒரு கட்டை பட்டது. இலை இல்லை, வேரும் பெரிதாக இல்லை. அன்னாசிப் பழத்தின் தோலைப் பெரிதாக்கி ஒரு தூணில் சுற்றியது போல் இருந்தது.

"என்ன செடி இது?" என்று கேட்டேன்.

"காட்டுச் செடி அண்ணே. வெயிலே வேண்டாம், நிழல்ல நல்லா வரும். இந்த மாதிரி வேற எங்கேயும் கிடைக்காது," என்றார் கடைக்காரர்.

"வேற எங்கேயும் கிடைக்காது" என்ற சொல்லில் மயங்கினேன். 80 வெள்ளி கொடுத்து வாங்கி வந்தேன். ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீட்டின் பின்புறத்தில் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் சுவரைத் தாண்டி நிழல் தரும். அந்த இடத்தில் ஒரு பெரிய பூச்சட்டியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டு மாதத்தில் அதிசயம் நடந்தது. கட்டையின் உச்சியிலிருந்து எட்டு இலைகள் ஒரே நேரத்தில் கிளம்பின. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். என் கைராசி என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆறாவது மாதத்தில் இலைகள் மஞ்சளாயின. கட்டையை விரலால் அழுத்தினால் பஞ்சு போல் உள்ளே போனது. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். புது வேர் ஒன்றுகூட இல்லை.

எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன்.

"தம்பி, இது பிழைச்சு இலை விடல. காட்டுல இருந்தப்போ சேத்து வச்ச சோத்தைத் தின்னு தீர்த்திருக்கு. தோண்டி எடுத்த அன்னைக்கே இதோட கதை முடிஞ்சு போச்சு," என்றார்.

அந்தக் கட்டையின் வயது என்னைவிட அதிகமாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். 80 வெள்ளி போனது பெரிதாகத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் காட்டில் நின்றுகொண்டிருந்த ஓர் உயிரைச் சாகடிக்க நான் காசு கொடுத்திருக்கிறேன் என்பதுதான் உறுத்தியது.

மாணவர்களே, அரிய செடிகள் மீது ஆசை வருவது நல்லதுதான். ஆனால் அந்த ஆசைக்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தச் செடி எங்கிருந்து வந்தது? இன்றைய கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதோடு, நிழலை விரும்பும் சைக்கஸ் செடியை நம் வீட்டுத் தோட்டத்தில் நேர்மையாக வளர்ப்பது எப்படி என்பதையும் பார்ப்போம்.

பனையும் இல்லை, பெரணியும் இல்லை

சைக்கஸைப் பார்த்தவுடன் குட்டிப் பனைமரம் என்று நினைப்போம். இளம் இலை விரியும்போது சிற்றிலைகள் சுருண்டு இருப்பதைப் பார்த்தால் பெரணி என்று தோன்றும். மலாய்க்காரர்கள் கடற்கரையில் வளரும் சைக்கஸை 'பாக்கு லாவுட்' என்பார்கள். மலாயில் 'பாக்கு' என்றால் பெரணி, 'லாவுட்' என்றால் கடல். நம் பாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் பாக்கை மலாயில் 'பினாங்' என்பார்கள், நம் தீவின் பெயரே அதுதான். பாக்குத் தீவில் 'பாக்கு' என்ற பெயரோடு பாக்கு அல்லாத ஒரு செடி!

உண்மையில் சைக்கஸ் பனைக்கும் பெரணிக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இது பூவும் கனியும் இல்லாமல் விதை மட்டும் தரும் தாவர இனம். உயிரியல் பாடத்தில் 'வித்து மூடாத் தாவரங்கள்' என்று படித்திருப்பீர்கள். ஊசியிலை மரங்கள் அந்தப் பிரிவில் வருகின்றன, சைக்கஸும் அதில்தான் வருகிறது.

இந்தக் குடும்பத்தின் மூதாதையர்கள் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் இருந்தன. டைனோசர்கள் தோன்றுவதற்கும் முந்திய காலம் அது. அதனால்தான் இதை 'வாழும் புதைபடிவம்' என்று அழைக்கும் வழக்கம் வந்தது. ஆனால் இதில் ஒரு திருத்தம் உண்டு. இன்று நாம் பார்க்கும் சைக்கஸ் வகைகளில் பெரும்பாலானவை கடந்த 1 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என்று 2011-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. குடும்பம் மிகப் பழையது, பிள்ளைகள் புதியவர்கள். பழைய குடும்பம் என்பதற்காக அது எதையும் தாங்கும் என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடைகளில் இதை 'சேகோ பனை' என்று விற்பார்கள். நம் நாட்டில் சேகோ மாவு தருவது ரும்பியா என்னும் உண்மையான பனை. தமிழ்நாட்டுச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. இரண்டும் சைக்கஸ் அல்ல.

எல்லாச் சைக்கஸும் நிழல் கேட்பதில்லை

தோட்டத்தில் வைப்பதற்கு முன், நம் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். பினாங்கில் நாம் பார்க்கக்கூடியவற்றை எளிதாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, குட்டையாக, விறைப்பான சிறு இலைகளோடு அலுவலக வாசல்களில் நிற்பது. இதன் பெயர் சைக்கஸ் ரெவொலுட்டா. தென் ஜப்பானியத் தீவுகளைச் சேர்ந்தது. வெயில் இதற்குப் பிடிக்கும்.

இரண்டாவது, கடற்கரைச் சைக்கஸ். இதன் விதைக்குள் தக்கை போன்ற ஓர் அடுக்கு இருப்பதால் கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். மணலும் உப்புக் காற்றும் வெயிலும் இதற்குப் பழக்கம்.

மூன்றாவதுதான் நம் கதாநாயகன். சைக்கஸ் மேக்ரோகார்ப்பா. 'பெரிய காய்' என்பது அந்தப் பெயரின் பொருள். தீபகற்ப மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் தாழ்நில மழைக்காடுகளுக்குள், பெரிய மரங்களின் அடர்ந்த நிழலில், ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று தனித்தனியாக நிற்கும். ஒல்லியான தண்டு, ஒன்றரை மீட்டரையும் தாண்டும் நீளமான இலைகள்.

இதற்குப் பெயர் வைத்தவரின் கதையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. வில்லியம் கிரிஃபித் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1832-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்காகச் சென்னையில் வந்து இறங்கினார். மருத்துவம் அவர் தொழில், தாவரங்கள் அவர் உயிர். பல நாடுகளின் காடுகளில் அலைந்து கடைசியில் மலாக்காவுக்கு வந்தார். 1845-இல் அங்கேயே நோயுற்று இறந்தபோது அவருக்கு 34 வயதுதான். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைப் பின்னர் அச்சிட்டார்கள். 1854-இல் வெளிவந்த தொகுப்பில்தான் இந்தச் சைக்கஸின் பெயர் உலகுக்குத் தெரிந்தது.

அன்று கிரிஃபித் பார்த்த தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி பின்னர் ரப்பர் தோட்டமாகவும் செம்பனைத் தோட்டமாகவும் மாறியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார்கள். காட்டை அழித்தது அவர்களின் முடிவல்ல. ஆனால் நிழல் போன பின் நிழல் செடிக்கு என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

நிழல் என்றால் இருட்டு அல்ல

நிழல் விரும்பும் செடி என்றவுடன் பலர் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் மூலையில் வைத்துவிடுகிறார்கள். இது தவறு. காட்டின் நிழல் வேறு, அறையின் இருட்டு வேறு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சனிக்கிழமை காலை தண்ணீர்மலைப் பக்கம் போய், பினாங்கு தாவரவியல் பூங்காவில் அரை மணி நேரம் ஒரு பெரிய மரத்தின் கீழ் நில்லுங்கள். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய பள்ளத்தாக்கு அது. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் பூங்காவாக உருவெடுத்தது. மரத்தடியில் நின்று தரையைக் கவனியுங்கள். இலை இடுக்குகள் வழியே ஒளிப் பொட்டுகள் விழும். சூரியன் நகர நகர அவையும் நகரும். ஒரு சிறு செடியின் மேல் சில நிமிடம் வெளிச்சம், பிறகு நிழல், மீண்டும் வெளிச்சம். காட்டுச் சைக்கஸ் இந்தச் சில்லறை வெளிச்சத்தைச் சேர்த்துவைத்து வாழப் பழகியது. அதனால்தான் அதன் இலைகள் அவ்வளவு நீளம்.

நண்பகல் வெயில் நேராக விழுந்தால் அந்த இலைகள் வெளுத்துக் கருகும். வெளிச்சமே இல்லாவிட்டால் இலைக்காம்பு நீண்டு, துவண்டு, தரையில் படுத்துவிடும். ரம்புத்தான், மங்குஸ்தீன் போன்ற மரங்களின் ஓரம், அல்லது ஒளியில் பாதிக்கு மேல் தடுக்கும் கறுப்பு வலையின் கீழ் என்றால் சரியாக இருக்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குக் காலை வெயில் மட்டும் சாய்வாக வரும் வராந்தா போதும்.

விதையிலிருந்து தொடங்குவோம்

என் கட்டை செத்து ஓராண்டுக்குப் பிறகு, பாலிக் புலாவில் பழத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் அறிமுகம் கிடைத்தது. அவரிடம் ஆணும் பெண்ணுமாக இரண்டு காட்டுச் சைக்கஸ் செடிகள் இருந்தன. அவருடைய அப்பா காலத்தில் விதையிலிருந்து வளர்த்தவை. ஆண் செடியின் மகரந்தத்தை அவரே பெண் செடியில் தூவி விதை எடுத்திருந்தார். எனக்கு ஆறு விதைகள் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. "முளைச்சா, எந்த வருஷம் முளைச்சதுன்னு எழுதி வை. அது போதும்," என்றார்.

இந்த முறை ஆசிரியர் சொல்லியபடி செய்தேன். நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று: கையுறை போட்டுக்கொண்டு விதையின் மேல் சதையை நீக்கி, நன்றாகக் கழுவ வேண்டும். அந்தச் சதை முளைப்பதைத் தடுக்கும், பூஞ்சையையும் வரவழைக்கும்.

இரண்டு: பொறுமை. சைக்கஸ் விதை கீழே விழும்போது உள்ளே இருக்கும் கரு முழுதாக வளர்ந்திருக்காது. அது முதிர்வதற்கே பல மாதங்கள் ஆகலாம். நிழலான இடத்தில், சற்றே ஈரமான மணலில் விதையைப் படுக்கவைத்து, பாதி மட்டும் புதைக்க வேண்டும். முழுதாக மூடினால் அழுகும். என் விதைகள் ஏழு மாதம் ஒரு அசைவும் காட்டவில்லை. பிறகு ஒன்று வெடித்தது. ஆறில் மூன்று முளைத்தன, இரண்டு பிழைத்தன.

மூன்று: முதலில் வருவது இலை அல்ல, வேர். அது நேராகக் கீழே போகும். ஆகவே அகலமான சட்டியைவிட ஆழமான சட்டி நல்லது. சட்டியின் அடியில் தாராளமாக ஓட்டைகள் இருக்க வேண்டும்.

நான்கு: மண். நம் தீவில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காட்டில் சரிவு நிலமும் உதிர்ந்த இலைகளும் அந்த நீரை வடியவைக்கின்றன. சட்டியில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பெரிய மணல், உடைத்த செங்கல் அல்லது கரித்துண்டு, தேங்காய் நார்த்துண்டு ஆகியவற்றோடு கொஞ்சம் தோட்டமண் கலந்தால் போதும். தண்ணீர் ஊற்றினால் நொடியில் கீழே வடிய வேண்டும். என் முதல் செடிக்கு நான் கொடுத்தது குழைந்த களிமண். வேரற்ற கட்டைக்கு அது சேற்றுக்குழி.

ஐந்து: தண்டின் உச்சியை மண்ணால் மூடக் கூடாது. புது இலை விரியும் வாரங்களில் சட்டியைத் திருப்பவோ இடம் மாற்றவோ கூடாது. இளம் இலைகள் ஒளி வரும் பக்கம் பார்த்து விரியும். நடுவில் திருப்பினால் கோணலாகி, பிறகு பல ஆண்டுகளுக்கு அந்தக் கோணல் அப்படியே இருக்கும்.

சில ஆண்டுகள் கழித்து மண்ணின் மேற்பரப்பில் பவளப்பூச்சி கட்டியது போல் கொத்துக் கொத்தாக வேர்கள் தலைநீட்டக்கூடும். நோய் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். அந்த வேருக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கிறது. பயற்றஞ்செடியின் வேர்முடிச்சு செய்யும் அதே வேலை. இப்படிச் சொந்தமாக உரம் தயாரிக்கும் செடிக்கு நாம் அதிக உரம் போட வேண்டியதில்லை.

பாண்டவனும் வெள்ளைச் செதிலும்

இந்தச் செடிக்கு வரும் எதிரிகளில் ஒருவன் மிக அழகன். சின்ன நீல வண்ணத்துப்பூச்சி. அதன் அறிவியல் பெயரில் 'பாண்டவா' என்று இருக்கிறது, 1829-இல் வைத்த பெயர். இது சைக்கஸின் இளங்குருத்தில் முட்டையிடும். புழுக்கள் ஒரே வாரத்தில் மொத்தக் குருத்தையும் மொட்டையாக்கிவிடும். எறும்புகள் அந்தப் புழுக்களைச் சுற்றிக் காவல் நிற்கும், புழு சுரக்கும் இனிப்பு நீர்தான் அதற்குக் கூலி. முற்றிய இலையைப் புழுவால் கடிக்க முடியாது. ஆகவே குருத்து விட்டதிலிருந்து இலை கெட்டியாகும் வரை இரண்டு மூன்று வாரங்கள் கொசுவலைத் துணியால் மூடிவைத்தால் போதும். விஷ மருந்து தேவையில்லை. செடியில் எறும்பு ஊர்ந்தால், வலைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொரு எதிரி அழகும் இல்லை, கூச்சலும் இல்லை. இலையின் அடியில் வெள்ளைப் பொடி தூவியது போல் படியும் செதில் பூச்சி. தாய்லாந்துப் பகுதியில் தோன்றி, அழகுச்செடி வியாபாரத்தோடு உலகம் சுற்றியது. பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் 2002-இல் காட்டு மரங்களைக் கணக்கெடுத்தபோது மிக அதிகமாக இருந்தது அந்த ஊர்ச் சைக்கஸ்தான். 2003-இல் இந்தப் பூச்சி அங்கே நுழைந்தது. 2006-இல் அதே சைக்கஸ் அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இடையில் மூன்றே ஆண்டுகள்.

ஆகவே புதிதாக வாங்கும் எந்தச் சைக்கஸையும் ஓரிரு மாதம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளியே வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். வெள்ளைச் செதில் தெரிந்தால் பழைய பல் துலக்கியில் சவர்க்கார நீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். மோசமாகப் பிடித்த இலைகளை வெட்டி, பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சைக்கஸின் எல்லாப் பாகங்களும் நஞ்சு, விதை எல்லாவற்றையும்விட நஞ்சு. கேரளத்தில் இதை 'ஈந்து' என்பார்கள். அங்கே விதையைப் பலமுறை ஊறவைத்துப் பக்குவம் செய்து மாவாக்கும் பழைய முறை உண்டு. அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு. நாம் வீட்டில் சோதித்துப் பார்க்கும் காரியம் அல்ல. சிறு பிள்ளைகளும் நாய் பூனையும் உள்ள வீட்டில், விதைகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஒற்றைச் செடியின் தனிமை

சைக்கஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதையிலிருந்து வளர்ப்பவருக்கு எது என்று பல ஆண்டுகள் தெரியாது. ஆண் செடி உச்சியில் கூம்பு விடும். பெண் செடியில் கூம்பு வராது, இலை போன்ற மடல்கள் வட்டமாக வந்து அவற்றின் ஓரத்தில் விதைகள் காய்க்கும். காட்டில் மகரந்தத்தைச் சுமந்து செல்வது பெரும்பாலும் சிறு வண்டுகள். 1896-இல் ஜப்பானிய அறிஞர் இக்கெனோ ஓர் ஆச்சரியத்தைக் கண்டுபிடித்தார். சைக்கஸின் ஆண் அணுக்கள், பெரணியின் ஆண் அணுக்களைப் போல் நீந்துகின்றன!

தென்னாப்பிரிக்காவின் இங்கோயே காட்டில் 1895-இல் ஜான் மெட்லி வுட் என்பவர் ஒரு சைக்கட் மரத்தைக் கண்டார். அது ஆண். அன்றிலிருந்து இன்றுவரை அந்த இனத்தில் ஒரு பெண் மரம்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இன்று நிற்கும் அந்த இன மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகள். அண்மையில் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட்டுக் காட்டைப் படம்பிடித்தும் தேடுகிறார்கள். அந்த மரங்களைத் தோட்டங்கள் உயிரோடு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த இனத்துக்கு ஒரு விதையைக் கொடுக்க எந்தத் தோட்டத்தாலும் முடியவில்லை.

நம் தாய்த்தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைக்கஸ் சர்சினாலிஸ் வகையின் ஆண் கூம்பை 'மதனகாமப்பூ' என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். கூம்பு மருந்துக்கு, இலை பந்தல் அலங்காரத்துக்கு என்று வெட்டி வெட்டி, அந்த வகை இன்று அழிவை நோக்கும் இனங்களில் ஒன்றாகிவிட்டது. ஆண் கூம்புகளை எல்லாம் பறித்துவிட்டால் பெண் மரம் எதை வைத்து விதை கட்டும்?

இதனால்தான், அரிய செடி ஒன்றை வாங்கி வைத்ததாலேயே அந்த இனத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் மார்தட்ட முடியாது. நம் சட்டியில் நிற்கும் ஒற்றைச் செடி ஒரு பாதி மட்டுமே. மறுபாதி இன்னொருவர் தோட்டத்திலோ காட்டிலோ இருக்க வேண்டும். அவை ஒன்றை ஒன்று அடைய ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பதிவு. எந்த வகை, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு முளைத்தது, தாய்ச்செடியின் ஊர் எது என்ற நான்கு விவரங்கள் போதும். வெவ்வேறு சைக்கஸ் வகைகள் அருகருகே நின்றால் கலப்பு விதைகள் உருவாகலாம் என்பதால், பதிவில்லாத விதை என்ன செடியாகும் என்று சொல்லவே முடியாது. நான் கொன்ற அந்தக் கட்டை எந்த வகை, எந்தக் காட்டைச் சேர்ந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. செடி போனதோடு அதன் ஊரும் பேரும் சேர்ந்தே போயின.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

சைக்கஸ் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. நம் நாட்டில் இதற்கென்றே 2008-ஆம் ஆண்டின் அழிவுறும் உயிரினங்கள் பன்னாட்டு வணிகச் சட்டம் இருக்கிறது. நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து அனுமதியின்றிச் செடிகளை எடுப்பதை 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் தடுக்கிறது. விடுமுறையில் தாய்லாந்து போகும் குடும்பங்கள் அங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று பெட்டிக்குள் வைத்து வந்தாலும் அது குற்றம்தான்.

சட்டப் புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு செடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கண்ணும் வாயும் போதும். தண்டு பருத்து, இலைகள் எல்லாம் வெட்டப்பட்டு, வேர் கட்டையாக நறுக்கப்பட்டு இருக்கிறதா? தண்டில் மண்வெட்டிக் காயம் தெரிகிறதா? பெரிய செடிக்குப் பொருத்தமில்லாத புத்தம்புதுச் சட்டியில் தளர்வாக நிற்கிறதா? "விதையிலிருந்து எப்போது போட்டீர்கள்?" என்று கேட்டால் கடைக்காரர் பேச்சை மாற்றுகிறாரா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். சட்டியின் ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்க்கும் சின்னக் கன்று பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அது பிழைக்கும்.

'நான் வாங்காவிட்டால் வேறு ஒருவர் வாங்குவார்' என்று ஒரு சமாதானம் மனத்தில் எழும். அன்று எனக்கும் எழுந்தது. ஆனால் நாம் கொடுக்கும் ஒவ்வொரு 80 வெள்ளியும், இன்னொரு முறை காட்டுக்குப் போய்வா என்று கடைக்காரருக்கு நாமே கொடுத்தனுப்பும் வழிச்செலவு.

பள்ளிகளுக்கும் இதில் இடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ உள்ள பசுமைக் கழகம் நிழல் செடிகளுக்கு ஒரு மூலையை ஒதுக்கலாம். முறையாக வந்த இரண்டு சைக்கஸ் கன்றுகளை நட்டு, ஒரு குறிப்பேடு தொடங்கலாம். முதலாம் படிவ மாணவர் தொடங்கும் பதிவை, அவர் பள்ளியை விட்டுப் போன பின் இன்னொருவர் தொடர்வார். ஒரே ஆண்டில் பரிசு வாங்கித் தரும் திட்டம் இது அல்ல. இலண்டன் கியூ தோட்டத்தில் சட்டியில் நிற்கும் ஒரு சைக்கட் 1775-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்ட தோட்டக்காரர்கள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். செடி நிற்கிறது.

என் இரண்டு கன்றுகளுக்கும் இப்போது ஏழு வயது. பெரியதில் ஐந்து இலைகள், சின்னதில் மூன்று. போன மாதம் பெரியது குருத்து விட்டபோது என் மகள்தான் வலையைக் கட்டினாள். படிவம் 2 படிக்கிறாள்.

"இது ஆணா பெண்ணாப்பா?" என்று கேட்டாள்.

"தெரியாது. நீ வேலைக்குப் போன பிறகு தெரியலாம்," என்றேன்.

சிறிது நேரம் யோசித்தாள். உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்து வந்தாள். சட்டியில் கட்டியிருந்த அட்டையில் பாலிக் புலாவ் என்றும், விதை முளைத்த ஆண்டும், என் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே ஒரு கோடு போட்டு, வெறுமனே விட்டுவிட்டாள்.